மதில்டே என்னும் கரிக்கோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் நான்கில் மூன்று கறுப்பு என்பது வானியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் இந்தப் பெரும்பான்மை அவர்கள் பார்வைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. கறுப்பாக இருப்பது சுலபத்தில் கண்ணில் படாது என்பதுதான் காரணம்.

ஹைஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகோள் பட்டையில் நான்காவது பெரிய உருண்டை அது. விட்டம் 430 கிலோமீட்டர். அளவை வைத்துப் பார்த்தால் நான்காவதாக அகப்பட்டிருக்க வேண்டும். பத்தாவதாகத்தான் அகப்பட்டது, 1849இல், இத்தாலியின் அன்னிபாலே தெ காஸ்பாரிஸ் கண்ணில். அதில் ஏறக்குறையப் பாதி அகலமே உள்ள ஜூனோவை 1804இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹீபி, ஐரிஸ், ஃபுளோரா, மெட்டிஸ் என்று ஹைஜியாவைவிடச் சிறிய கற்கள் பல அதற்கு முன்னால் பட்டியலில் ஏறிக்கொண்டன. ஹைஜியா சற்றுத் தொலைவில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் நிறம். ஜூனோ தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. ஹைஜியா நூற்றுக்கு ஏழுகூட அனுப்புவதில்லை.

இந்தக் கணக்கு கொஞ்சம் முக்கியமானது. சிறுகோள் எதற்கும் சொந்த வெளிச்சம் கிடையாது. தொலைநோக்கியில் தெரிவது அளவில்லாத ஒரு புள்ளி. அதன் பிரகாசத்தை அளக்கலாம், தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் பிரகாசத்திலிருந்து அளவுக்குப் போக வேண்டுமென்றால், பட்ட ஒளியில் எத்தனை பங்கை அந்தக் கல் திருப்புகிறது என்று தெரிய வேண்டும். பெரிய கறுப்புக் கல்லும் சிறிய வெளிர் கல்லும் ஒரே பிரகாசமுள்ள ஒரே புள்ளிதான். நாம் பேசப்போகும் மதில்டேயின் சராசரி விட்டம் 53 கிலோமீட்டர். அது நூற்றுக்கு இருபது பங்கு ஒளியைத் திருப்பும் வெளிர் கல் என்று தவறாக வைத்துக்கொண்டால், அதே புள்ளிக்கு 24 கிலோமீட்டர்தான் கணக்கில் வரும்.

இந்தச் சிக்கலிலிருந்து விடுபட வழி, வேறொரு ஒளியில் பார்ப்பது. கறுப்புக் கல் வெயிலைத் திருப்புவதில்லை என்றால் அதை விழுங்குகிறது என்று பொருள். விழுங்கிய வெயில் அதைச் சூடாக்கும். சூடான பொருள் அகச்சிவப்பில் ஒளிரும். ஆகவே கண்ணுக்கு மங்கலான கல், அகச்சிவப்புக் கருவிக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறமும் தெரிந்துவிடும், உருவ அளவும் தெரிந்துவிடும். 1983இல் பறந்த ஐராஸ் செயற்கைக்கோள் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 2009 கடைசியில் ஏவப்பட்ட வைஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களை இப்படி அளந்தது. பட்டையின் உண்மையான முகம் கறுப்பு என்பது இந்த வழியாகத்தான் உறுதிப்பட்டது.

இனி மதில்டே. வரிசை எண் 253. 1885 நவம்பர் 12ஆம் தேதி வியன்னாவில் யோஹான் பலிசா கண்டுபிடித்தார். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, விண்மீன் வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதாவது நகர்கிறதா என்று இரவு இரவாகப் பார்ப்பதே அவர் வேலை. கண்ணால் பார்த்தே 122 சிறுகோள்களைப் பிடித்தவர். அந்தச் சாதனையை அதன்பின் யாரும் நெருங்கவில்லை. சூரிய கிரகணம் பார்க்கப் போகப் பணம் இல்லாமல், தான் கண்ட சிறுகோளுக்குப் பெயரிடும் உரிமையை 50 பவுண்டுக்கு விற்பதாக அறிவித்த மனிதர் இவர். ரோத்ஷில்ட் குடும்பத்து ஆல்பர்ட் தன் மனைவி பெட்டினாவின் பெயரை 250ஆம் சிறுகோளுக்கு வாங்கிக்கொடுத்தார். பலிசா பிடித்தவற்றில் 244ஆம் எண்ணுக்குப் பெயர் சீதா, நம் ராமாயணத்துச் சீதைதான். மதில்டேக்கு விலை ஏதும் கேட்டதாகத் தெரியவில்லை. பாதையைக் கணக்கிட்ட பாரிஸ் வானாய்வகத்து லெபெஃப் வைத்த பெயர் அது. அங்கே துணை இயக்குநராக இருந்த மோரிஸ் லோவியின் மனைவியைக் குறிக்கிறது என்று கருதப்படுகிறது.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் மதில்டேயை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. சூரியனிலிருந்து சராசரியாக 40 கோடி கிலோமீட்டர் தொலைவில், 4.3 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. 1995இல்தான் தரையிலிருந்த தொலைநோக்கிகள் அதன் நிறமாலையை எடுத்து, 'சி' வகை, அதாவது கரிமம் கலந்த கறுப்பு வகை என்று சொல்லின. இன்னொரு விசித்திரமும் அப்போது தெரிந்தது. பெரும்பாலான சிறுகோள்கள் சில மணி நேரத்தில் தம்மைத் தாமே ஒருமுறை சுற்றிவிடும். சீரீஸ் ஒன்பது மணி நேரத்தில் சுற்றும். மதில்டேக்கு 17.4 நாள் ஆகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தவற்றில் மிக மெதுவாகச் சுழல்பவற்றில் அதுவும் ஒன்று.

கரிமம் கலந்தது என்றவுடன் நிலக்கரிக் கட்டி ஒன்று வானில் மிதப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைக் கற்களில் கார்பனின் பங்கு சொற்பம். எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை. மீதியெல்லாம் களிமண் போன்ற கனிமங்கள், இரும்புச் சேர்மங்கள், சிலிக்கேட்டுகள். அப்படியானால் இத்தனை கறுப்பு எங்கிருந்து? கார்பன் பொடி மிக நுண்ணிய துகளாகக் கல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கூடவே மேக்னடைட்டும் இரும்பு சல்பைடும் அதே நுண்மையில் கலந்திருக்கின்றன. உள்ளே நுழைந்த ஒளி துகளுக்குத் துகள் மோதி வெளியே வர வழி தெரியாமல் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அளவு குறைவாக இருந்தாலும் பரவல் போதுமானதாக இருக்கிறது.

இதை ஊகமாக மட்டும் சொல்வதில்லை. இதே வகைக் கற்கள் அவ்வப்போது நம் தலைமேலேயே விழுகின்றன. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 1969 செப்டம்பர் 28ஆம் தேதி விழுந்த விண்கல் இதில் புகழ்பெற்றது. அமினோ அமிலங்கள் பல அதில் கிடைத்தன. நம் நாட்டில் 2017 ஜூன் 6 விடியற்காலை ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை ஒட்டிய முகுந்தபுரா கிராமத்து வயலில் சுமார் இரண்டு கிலோ எடையில் ஒன்று விழுந்தது. மர்ச்சிசன் கல்லின் இனத்தைச் சேர்ந்தது அது. இந்தக் கற்கள் கையில் எடுத்தால் உதிரும் சுபாவம் கொண்டவை. மழையில் கிடந்தால் வீணாகும். பல காற்று மண்டலத்தைக் கடக்கும்போதே தூளாகிவிடுவதால், அருங்காட்சியகங்களில் இவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. வானில் பெரும்பான்மை, கையில் சிறுபான்மை.

வேதியியலுக்கு இவை ஏன் பொக்கிஷம் என்றால், சூரியன் பிறந்தபோது சுற்றியிருந்த பொருள் இவற்றில் பெரிய சூடு காணாமல் அப்படியே தங்கியிருக்கிறது. உருகியிருந்தால் இரும்பு அடியில் இறங்கி, லேசான பாறை மேலே வந்து, ஆவியாகக்கூடியதெல்லாம் ஓடிப்போயிருக்கும். வெஸ்டா அப்படி உருகிய கோள். கறுப்பு இனம் உருகவில்லை. தண்ணீரைக் களிமண் கனிமங்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. இவற்றில் பல வியாழனுக்கு அப்பால் பிறந்து, அந்தப் பெருங்கோள் வளர்ந்தபோது உள்ளே தள்ளப்பட்டவை என்று இன்று பலர் கருதுகிறார்கள். விண்கற்களின் ஐசோடோப்பு விகிதங்கள் இரண்டு தனிக் குடும்பங்களாகப் பிரிந்து நிற்பது இதற்கு ஒரு சான்று. சீரீஸின் மேற்பரப்பில் அம்மோனியா ஏறிய களிமண்ணை டான் விண்கலம் கண்டது இன்னொன்று. சூரியனுக்கு இவ்வளவு அருகில் அம்மோனியா உறைந்து தங்காது.

இந்தப் பெரும்பான்மை இனத்தில் ஒன்றைக்கூட 1997 வரை அருகில் போய்ப் பார்த்ததில்லை. கலிலியோ விண்கலம் 1991இல் காஸ்ப்ராவையும் 1993இல் ஐடாவையும் படமெடுத்தது. இரண்டும் வெளிர் இனம். மூன்றாவது வாய்ப்பு ஏறக்குறையப் போகிற போக்கில் வந்தது. நாசா 1996 பிப்ரவரி 17ஆம் தேதி ஏவிய நியர் விண்கலத்தின் இலக்கு ஈராஸ் என்னும் சிறுகோள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் கட்டிய கலம் அது. அதன் வழிக்குப் பக்கத்தில் மதில்டே இருக்கிறது என்று தெரிந்ததும் பாதையைச் சற்றே வளைத்தார்கள்.

1997 ஜூன் 27. நொடிக்கு 9.93 கிலோமீட்டர் வேகத்தில் நியர் கடந்தது. மிக நெருங்கிய தூரம் 1,212 கிலோமீட்டர். நினைத்துப் பார்த்தால் சங்கடமான ஏற்பாடு. சூரியனிலிருந்து பூமி இருப்பதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருந்ததால், அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் கால்வாசிதான். கேமராவைச் சிறுகோள் பக்கம் திருப்பினால் சூரியப் பலகைகள் சூரியனைவிட்டு விலகிப்போகும். மின்சாரம் போதாது. எனவே பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டு, கேமராவை நம்பிப் போனார்கள். அதுவும் இரவுப் பக்கத்திலிருந்து அணுக வேண்டியிருந்தது. கரி நிறக் கல், அதன் இருண்ட முகம், விளிம்பில் மட்டும் மெல்லிய பிறை. அந்தப் பிறையை நம்பித்தான் முதல் படங்களை எடுக்க முடிந்தது.

சுமார் 25 நிமிடத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் நாம் பார்க்கும் மதில்டே சாம்பல் நிறமாக, ஏறக்குறைய நம் நிலா மாதிரி இருக்கும். அது படத்தில் வெளிச்சத்தைக் கூட்டியதன் விளைவு. நிலாவே சுமார் 12 விழுக்காடு ஒளியைத்தான் திருப்புகிறது. இருட்டு வானத்துக்கு எதிரே நிற்பதால் வெள்ளி மாதிரி தெரிகிறது. மதில்டே திருப்புவது 4 விழுக்காடு. நிலாவையும் அதையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மதில்டே இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரிதான் இருக்கும்.

படத்தில் தெரிந்தது ஒரு பக்கம்தான், பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு. சுழல 17 நாள் எடுத்துக்கொள்ளும் கல், 25 நிமிடத்தில் அசையவே இல்லை என்று சொல்லலாம். மறுபக்கத்தை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

பார்த்த பக்கம் போதிய அதிர்ச்சியைக் கொடுத்தது. ஆனால் படங்களைவிடப் பெரிய செய்தி ரேடியோவில் வந்தது. மதில்டேயின் ஈர்ப்பு, கடந்துபோன விண்கலத்தை மிகச் சன்னமாக இழுத்தது. வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதாவது கோடியில் ஒரு பங்கு. விண்கலத்தின் ரேடியோ அலைவரிசையில் அந்த மாற்றம் ஒரு சிறு நழுவலாகத் தெரியும். டொனால்ட் யோமன்ஸ் குழுவினர் அந்த நழுவலைப் பிடித்து, மதில்டேயின் நிறையைக் கணக்கிட்டார்கள்: சுமார் நூறு லட்சம் கோடி டன். விண்வெளி ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த அளவீடுகளில் இது ஒன்று. கருவி என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்த கலம் எவ்வளவு கோணியது என்பதே தராசு.

நிறை தெரிந்தது, படங்களிலிருந்து உருவம் தெரிந்தது: நீளவாக்கில் 66 கிலோமீட்டர், குறுக்கே 48, 46. ஒன்றை மற்றதால் வகுத்தால் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம். தண்ணீர் 1. பூமியில் விழும் கறுப்பு விண்கற்களின் அடர்த்தி இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மதில்டே அதே பொருளால் ஆனது என்றால், அதன் உள்ளே பாதி இடம் வெறுமையாக இருந்தால்தான் கணக்கு நேராகும்.

வெறுமை என்றால் நடுவில் பெரிய குகை என்று பொருளில்லை. லாரியில் கொண்டுவந்து தெருவோரம் கொட்டிய ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியே ஏறக்குறையப் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மதில்டேயும் அப்படி ஒரு குவியலாக இருக்கலாம்: ஏதோ ஒரு காலத்தில் பெரிய மோதலில் நொறுங்கி, துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே மறுபடி கூடி ஒட்டியது. கூடவே அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் தம்மளவில் நுண்துளை நிறைந்தவை.

இவ்வளவு பெரிய கல்லின் நடுவில் அந்தத் துளைகள் ஏன் நசுங்கவில்லை என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், மதில்டேயின் மையத்தில் உள்ள அழுத்தம் நாம் தரையில் சுமக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. 26 கிலோமீட்டர் பாறையின் பாரம் அவ்வளவுதான், ஏனென்றால் இழுக்க ஈர்ப்பு இல்லை. பூமியின் ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் அங்கே 60 கிராம். மணிக்கு 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகம் இருந்தாலே போதும், எறிந்த பொருள் திரும்பி வராது. நம் வேகப்பந்து வீச்சாளர் எவரும் பந்தை மதில்டேயிலிருந்து சூரியனைச் சுற்ற அனுப்பிவிடலாம்.

அதன் குழிகளைப் பார்த்தபோது இந்த வெறுமைக்கு வேலை இருப்பது தெரிந்தது. மதில்டேயின் சராசரி ஆரம் 26 கிலோமீட்டர். பார்த்த பக்கத்தில் மட்டும் அந்த ஆரத்தைவிடப் பெரிய குழிகள் நான்கு. மிகப் பெரியது 33 கிலோமீட்டர் அகலம். இவற்றுக்குப் பூமியின் நிலக்கரி வயல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்: தென் ஆப்பிரிக்காவின் கரூ, ஜப்பானின் இஷிகாரி, ரஷ்யாவின் குஸ்நெட்ஸ்க், நான்காவது நம் தாமோதர். ஜார்கண்டிலும் மேற்கு வங்காளத்திலும் ஓடும் அதே தாமோதர் பள்ளத்தாக்கு. மரஞ்செடி மக்கி உண்டாகும் நிலக்கரிக்கும் மரமே கண்டிராத இந்தக் கல்லுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவில்லை என்றாலும், பெயர் வைத்தவர்களின் ரசனையைப் பாராட்டலாம்.

இத்தனை பெரிய அடியை ஒருமுறை வாங்கினாலே சாதாரணக் கல் சிதறிப்போகும். நான்கு முறை வாங்கியும் மதில்டே நிற்கிறது. அதைவிட ஆச்சரியம், ஒரு குழி தோன்றியபோது அருகிலுள்ள குழி கெடவில்லை. நிலாவில் பெரிய குழி உண்டானால் அதிலிருந்து எறியப்பட்ட மண்ணும் கல்லும் சுற்றுவட்டாரத்தை மூடிவிடும். அதிர்ச்சி அக்கம்பக்கத்துக் குழிகளின் சுவர்களைச் சரித்துவிடும். மதில்டேயின் குழிகள் ஒன்றை ஒன்று ஒட்டி, ஒவ்வொன்றும் விளிம்பு கூராக இருந்தன. எறிபொருளின் படுகையையும் காணோம்.

விடையை 1999இல் கெவின் ஹவுசன், கீத் ஹோல்சாப்பிள், மைக்கேல் வாஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துளை நிறைந்த பொருளை மையவிலக்குப் பொறியில் வைத்துச் சுழற்றி, அதில் குண்டைச் சுட்டுப் பார்த்தார்கள். குழி விழுந்தது. ஆனால் பொருள் வெளியே பறக்கவில்லை. உள்ளுக்குள் நசுங்கி இறுகியது. மோதலின் ஆற்றல் துளைகளை மூடுவதிலேயே செலவாகிவிட்டது. அதிர்ச்சி அலையும் தூரம் போகவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் அது தேய்ந்தது. மதில்டே உறுதியால் தப்பவில்லை, தளர்ச்சியால் தப்பியிருக்கிறது.

குழிகள் இன்னொன்றையும் சொல்லின. பல கிலோமீட்டர் ஆழம் வரை தோண்டிக் காட்டிய இடங்களிலும் நிறம் மாறவில்லை. மேலே பூச்சு, உள்ளே வேறு என்று ஏதும் இல்லை; மேலும் கீழும் ஒரே கறுப்பு. உருகாத கோள் என்று விண்கற்களைக் கொண்டு சொன்னதைக் கண்ணால் பார்த்த மாதிரி ஆயிற்று.

விண்குழிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கி வளர்த்த யூஜீன் ஷூமேக்கர் இந்தப் படங்கள் வந்த மூன்று வாரத்தில், 1997 ஜூலை 18ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் பழைய விண்குழிகளைத் தேடிப்போன பயணத்தில் கார் விபத்தில் இறந்தார். நியர் கலத்தின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அது 2000 பிப்ரவரி 14இல் ஈராஸைச் சுற்றத் தொடங்கி, அடுத்த ஆண்டு பிப்ரவரி 12இல் அதன்மேல் இறங்கியது.

மதில்டே மட்டும் விதிவிலக்கா, கறுப்பு இனமே இப்படித்தானா? இதற்குப் பதில் தேடும் வழியில் சென்னை வருகிறது. நுங்கம்பாக்கத்தில், இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792 முதல் மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1861இல் அங்கே அரசு வானியலாளராக வந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை இன்றைக்கும் நாம் அளக்கும் முறை 1856இல் அவர் தந்தது: ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு. பிரகாசத்துக்கு அளவுகோல் தந்த அந்த மனிதர், மதராஸிலிருந்து கண்டுபிடித்த சிறுகோள்களில் இரண்டு, கரி நிறத்தவை. ஒன்று 1866 மே 16இல் கண்ட சில்வியா, மற்றது 1868 நவம்பர் 17இல் கண்ட கமில்லா.

சில்வியா பட்டையின் வெளி விளிம்பில் இருப்பது. நிறமாலை வகையில் மதில்டேயிலிருந்து சற்று வேறு, கறுப்பில் இரண்டும் ஒன்றே. சுமார் 270 கிலோமீட்டர் அகலம். 2001இல் ஹவாய் தீவின் கெக் தொலைநோக்கி அதற்கு ஒரு துணைக்கோள் இருப்பதைக் கண்டது. 2005இல் ஃபிராங்க் மார்ஷிஸ் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். இரண்டு நிலாக்கள் கொண்ட சிறுகோள் என்று முதலில் தெரியவந்தது இதுதான். நிலா இருந்தால் விண்கலம் அனுப்பி எடை போட வேண்டியதில்லை; நிலா எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதே தாய்க்கோளின் நிறையைச் சொல்லிவிடும். சில்வியாவின் அடர்த்தியும் தண்ணீரைவிடச் சற்றே அதிகம் என்றுதான் வந்தது. அதில் பனிக்கட்டியின் பங்கும் இருக்கலாம். என்றாலும் பாறை மட்டும் நெருக்கி அடைத்த உருண்டை அல்ல அது.

அதன்பின் கறுப்புக் கற்களின் அருகே போவது வழக்கமாகிவிட்டது. ஜப்பானின் ஹயபுசா-2 ரியூகுவுக்கும், நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவுக்கும் போயின. இரண்டும் பட்டையில் இல்லை. பட்டையிலிருந்த பெரிய கறுப்புக் கோள்கள் உடைந்து, துண்டுகள் பூமியின் பக்கம் நழுவி வந்தவை. ரியூகு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பென்னு அரைக் கிலோமீட்டர். இரண்டின் அடர்த்தியும் 1.19. மதில்டேயைவிடவும் லேசு. 2020 அக்டோபர் 20இல் பென்னுவைத் தொட்ட ஒசைரிஸ்-ரெக்ஸின் கை, தரை என்று நினைத்த இடத்தில் தடையே இல்லாமல் அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. அள்ளியது அளவுக்கு மீறியதால் மூடி மூடாமல் கொஞ்சம் சிந்தியது. ரியூகுவிலிருந்து 5.4 கிராமும் பென்னுவிலிருந்து 121.6 கிராமும் பூமிக்கு வந்தன. பென்னுவின் மண்ணில் கார்பன் நூற்றுக்கு 4.7, நம் உடலின் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14, மரபணுவின் எழுத்துகளான ஐந்து காரங்களும். மூடிய பெட்டியில் வந்தவை என்பதால், தரையில் விழுந்த விண்கல்லைப்போல் இவை பூமியின் அழுக்கோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

பட்டைக்குள்ளேயே இருக்கும் கறுப்பு இனத்தில் இன்னொன்றை 2025 ஏப்ரல் 20இல் லூசி விண்கலம் கடந்தது. டொனால்ட்ஜொஹான்சன் என்று பெயர், எட்டுக் கிலோமீட்டர் நீளம், இரண்டு கட்டிகள் ஒட்டிய உருவம்.

இந்தத் தளர்ச்சி வெறும் வேடிக்கையான தகவல் அல்ல. பூமியை நோக்கி வரும் கல் ஒன்றை மோதித் தள்ளிவிட முடியுமா என்று சோதிக்க, நாசா 2022 செப்டம்பர் 26இல் டார்ட் விண்கலத்தை டைமார்ஃபஸ் என்னும் சிறுகோள் நிலா மீது மோதவிட்டது. அது தன் தாய்க்கோளைச் சுற்றும் நேரம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. அந்தத் தள்ளலில் விண்கலத்தின் மோதல் கொடுத்தது சிறு பங்கு. எதிர்த்திசையில் பீறிட்டுப் பறந்த கல்லும் மண்ணும் கொடுத்தது பெரும் பங்கு. டைமார்ஃபஸ் வெளிர் இனம். மதில்டேயின் குழிகள் சொல்வதுபோல் மோதலைக் கல் உள்ளுக்குள் விழுங்கிக்கொண்டால், பீறிட எதுவும் இருக்காது. தள்ளலும் அந்த அளவுக்குச் சுருங்கும். ஆனால் ஹயபுசா-2 2019 ஏப்ரலில் ரியூகுமீது இரண்டு கிலோ செப்புக் குண்டைச் சுட்டபோது வேறு விதமாக நடந்தது: எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய, 14 மீட்டர் அகலக் குழி விழுந்து, மண் தாராளமாக வெளியே பறந்தது. அங்கே ஈர்ப்பும் பிடிப்பும் அவ்வளவு குறைவு. 50 கிலோமீட்டர் கல்லும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத கல்லும் ஒரே பொருளாலானாலும் அடிக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்று இதற்குப் பொருள். கறுப்பு இனக் கல் ஒன்றைப் பாதை மாற்றும் சோதனை இனிமேல்தான் நடக்க வேண்டும். பென்னு 2182 செப்டம்பர் 24இல் பூமியில் மோத 2,700இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நாசா கணக்கிட்டிருப்பதால், அதற்கு அவகாசம் நிறையவே இருக்கிறது.